குருவி தொடாத சோளம்

தை 9, ராத்திரி

பீர் கம்பெனிக்குன்னு ஒப்பந்தம் போட்டு விதைச்ச சோளம் முத்திப்போச்சு. காட்டுல ஒரு குருவிகூட இல்லை. வருசா வருசம் குருவி விரட்டத் தகரம் தட்டியே கை ஓய்ஞ்சுபோகும். விதை கொடுத்த கம்பெனிக்காரர், “உங்களுக்கு நல்லதுதானுங்களே”ன்னு சிரிக்கிறார்.

எப்பவும் போல முதல் கதிரைக் குருவிக்குன்னு காலையில வரப்புக் குச்சியில கட்டினேன். பொழுது சாஞ்சும் கதிர்ல ஒரு மணி குறையலை. அவுத்து எருமைக்குப் போட்டேன். மோந்து பார்த்துட்டு, கயித்தை இழுத்துக்கிட்டுப் பின்னால போய் நின்னுச்சு.

ஊட்டுக்காரிகிட்டச் சொன்னேன். கரண்டியைக் கீழ வெச்சுப்போட்டு என்னையே பார்த்தா.

“ஏனுங்க, மத்தியானம் ரெண்டு தடவை கேட்டு வாங்கித் தின்னீங்களே களி, அது காலையில நான் ஒடிச்சாந்த அந்தச் சோளந்தானுங்க.”

ராத்திரிச் சோறு இறங்கலை. வயிறு அந்தக் களியையே கேக்குது.