பௌர்ணமியன்று ஊசி இல்லை

செவ்வாய், 11

காலையிலேயே வெயில். அவருக்குப் பக்கவாதம் வந்து ஏழு வாரம். விழுங்க முடியவில்லை, மூக்கில் குழாய். வாய்வழியாக ஆறு ஸ்பூன் கெட்டிக் கஞ்சிதான், அதுவும் பயிற்சிக்கு.

இன்று எட்டாவது முறை அக்குபஞ்சர், செங்கம் ரோட்டு மாடியில். தாடைக்குக் கீழே, பிடரியில், மணிக்கட்டில் ஊசிகள்.

"இன்னாமே, முள்ளம்பன்னி மாதிரி இருக்கறனா?" குழறல்தான். ஆனாலும் கிண்டல் போகவில்லை.

ஊசி போடும் அக்கா: "ஆஸ்பத்திரிப் பயிற்சிய விட்டுடாதீங்க. ரெண்டும் வேணும்."

நேற்று ஆறு ஸ்பூனுக்கு நாலு இருமல். இன்று இரண்டு. ஊசியாலா, பயிற்சியாலா? தானாகவேவா?

வாங்க வேண்டியது: பஞ்சு, பிளாஸ்திரி, பாசிப்பருப்பு.

வியாழன், 13

பௌர்ணமி. ஆட்டோக்காரர் போனில், "ரோடு பூரா ஜனம்மா, எப்படி வர்றது?" ஊசி கிடையாது. எனக்கு ஒரே எரிச்சல்.

ஆறு ஸ்பூன். ஒரு இருமல்கூட இல்லை!

கிரிவலத்துக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த நாத்தனார் அழுதேவிட்டாள். "அண்ணாமலையாரு வழி உட்டுட்டாரு அண்ணி. அந்தக் கொழாயப் புடுங்கிப் போடச் சொல்லு."

அவருக்கும் அதே ஆசை. குழாயைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

ஊசி போடாத நாளில் இவ்வளவு நன்றாகவா? அப்படியானால் எட்டு நாள் எதற்குக் குத்தினோம்? இல்லை, அந்த எட்டு நாளின் பலன்தான் இன்று தெரிகிறதா? எம்.எஸ்சி. படித்து என்ன, ஒன்றும் புரியவில்லை.

வெள்ளி, 14

லேசான தூறல். ஆஸ்பத்திரியில் பேச்சுக்கும் விழுங்கவும் பயிற்சி தரும் பெண்ணுக்குப் போன் செய்தேன், சந்தோஷமாக. அவள் சந்தோஷப்படவில்லை.

"இருமல் நின்னா நல்லதுன்னு சொல்லிட முடியாது மேடம். சிலருக்குத் தொண்டையில உணர்ச்சி இல்லாம, சத்தமே வராம கஞ்சி நுரையீரலுக்குள்ள போயிடும். முழுங்கினதும் பேசச் சொல்லுங்க. குரல் ஈரமா, களகளன்னு இருந்தா நிறுத்திடுங்க. திங்கக்கிழமை எக்ஸ்ரேல முழுங்க வச்சுப் பாத்துடலாம். அதுவரைக்கும் குழாய் இருக்கட்டும்."

நேற்று கொடுத்த ஆறு ஸ்பூனும் எங்கே போயிற்று?

மதியம் ஒரே ஒரு ஸ்பூன். இருமல் இல்லை. "ஆ சொல்லுங்க" என்றேன். இருபத்தாறு வருடம் கண்டக்டராக இருந்தவர். "போளூர்லாம் எறங்கு!" என்றார். சிரித்துவிட்டேன். சிரிப்பில் குரலைக் கவனிக்கவில்லை.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"ஒரு வாட்டிதான் விசிலு."

மீதிக் கஞ்சியில் வெந்நீர் விட்டு, வடிகட்டி, குழாயிலேயே ஊற்றினேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தெளிவாகத்தான் இருந்ததோ அந்தக் குரல்?