நீ கலந்த எண்ணெய்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நான், அப்பா, சின்னவள் மூன்று பேரும் நலம். வழக்கமாக இதை வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடும், இந்த முறை நிஜமாகவே நலம் என்பதால் இரண்டு தரம் படித்துக்கொள். நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, கிடங்கில் மூட்டை தூக்குகிறபோது முதுகைப் பார்த்துத் தூக்கி, நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ சரிம்மா சரிம்மா என்று பாதியிலேயே முடித்துவிடுகிறாய். வண்டி என்று நான் வாயைத் திறந்தாலே லைன் சரியில்லை என்கிறாய். கடிதத்துக்கு லைன் கட்டாகாது, அதனால் உட்கார்ந்து கடைசிவரை படி. முடிவு நல்ல முடிவுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் நீ நம்புவாய், உன் புத்தி எனக்குத் தெரியாதா.

சின்னவள் உன் பைக் இன்ஜினின் மேல்பாதியைப் பிரித்து மறுபடியும் கட்டிவிட்டாள். பதறாதே. நீ போன தடவை வந்துவிட்டுக் கிளம்பும்போது ஒரு கையில் பெட்டியும் மறு கையில் பெட்ரோல் கேனுமாக நின்றாயே, வாசலில் கார்க்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான், நீ தங்கைக்காக அவசர அவசரமாக வண்டிக்குப் பெட்ரோல் கலந்து வைத்துவிட்டு ஓடினாய். அந்த வண்டிக்கு எண்ணெய்க்கென்று தனி இடம் கிடையாது, பெட்ரோலிலேயே அளந்து கலக்க வேண்டும், மறந்தால் பிஸ்டன் காய்ந்து சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது, இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தக் கேனை ஊற்றித்தான் அவள் குவாரி மைதானத்தில் ஓட்டினாள், இன்ஜின் இறுகிப் பின்சக்கரம் அப்படியே நின்று அவளைத் தூக்கி எறிந்தது, காறை எலும்பு முறிந்தது. எண்ணெய் ஊற்றினேனா இல்லையா என்று எனக்கே ஞாபகம் இல்லையேம்மா என்று நீ போனில் அழுததை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு நீ வீட்டுப் பக்கமே வரவில்லை. கேட்டால் லீவு இல்லை என்கிறாய். லீவு இல்லையா, முகம் இல்லையா என்று பெற்றவளுக்குத் தெரியாமல் போகுமா.

வண்டியைப் பின்கட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தோம். யாரும் அதன் பேச்சை எடுப்பதில்லை, நான் மட்டும் அதன்மேல் ஈரத்துணி காயப்போடுவேன். தோள் தேறி அவள் கண்ணாடிக் கடை வேலைக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் சாப்பிடும்போது, இன்ஜினைத் திறக்கப் போகிறேன் என்றாள். நான் தட்டை நகர்த்திவிட்டு, ஒருதரம் விழுந்தது போதாதா என்று கத்தினேன். ஓட்டுவதற்கு இல்லை, தெரிந்துகொள்வதற்கு என்றாள். அதைத்தான் நான் பயந்தேன். மூடி வைத்திருக்கும்வரை ஒருவேளை நீ கலந்திருக்கலாம் என்று ஒரு நினைப்பாவது மிஞ்சும். திறந்து பார்த்து, நீ கலக்கவில்லை என்றே ஆகிவிட்டால் உன்னிடம் எந்த வாயால் பேசுவேன், அவளால்தான் முன்போல் உன்னிடம் பேச முடியுமா? தெரியாமல் இருப்பதே மேல் என்று சொல்லிவிட்டேன். அப்பா அதுவரை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், பஸ்ஸில் ஏதோ சத்தம் கேட்டால் ரேடியோவைக் கூட்டி வைத்துக்கொண்டு ஓட்ட முடியுமா, நிறுத்திப் பார்க்கத்தான் வேண்டும் என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு பேச்சு வருவதே அபூர்வம், அதனால் நானும் அடங்கிவிட்டேன்.

நான் தையலுக்குத் துணி வெட்டுகிற மேசையைக் கேட்டாள், காகிதம் விரித்துக் கொடுத்தேன். இரும்பு விவகாரத்தில் எனக்கு என்ன தெரியும், ஆனால் பிரித்ததைப் பிரித்தபடி வைத்துக்கொள்வது எனக்குத் தெரியும், தைத்த சட்டை ஒன்றைப் பிரித்தால் கை வேறு காலர் வேறாக முடிந்து வைக்காவிட்டால் திரும்பச் சேராது. அதனால் அவள் கழற்றிக் கொடுத்த ஒவ்வொன்றையும் கழுவ வேண்டாம் துடைக்க வேண்டாம் என்று அவள் சொன்னபடியே துண்டுத் துணியில் முடிந்து, மேலே சாக்பீஸால் பேர் எழுதி வைத்தேன். மேல்மூடி எளிதாக வந்துவிட்டது. சிலிண்டர்தான் பிடிவாதம் பிடித்தது, மரச்சுத்தியால் சுற்றிச் சுற்றித் தட்டி, திட்டி, கடைசியில் கையோடு வந்தது. உள்ளே பிஸ்டன் பூனை பிறாண்டிய சோபா மாதிரி கிடந்தது. சின்னவள் அதையும் என்னிடம் நீட்டினாள். நான் துணியில் முடிந்து பேர் எழுதினேன்.

பஸ் டிப்போவுக்குப் பின்சந்தில் சிலிண்டர் குடைகிற பட்டறை ஒன்று இருக்கிறது. அந்த ஆள் வாயை மூடியே நாங்கள் பார்த்ததில்லை, அப்பா வைத்த பெயர் வானொலி. கடைக்குப் போகிற மாதிரி பையைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். பிஸ்டனைக் கையில் வாங்கியவர் ஒரு பார்வைதான் பார்த்தார், எண்ணெயே காட்டாம ஓட்டியிருக்கீங்க, என்ன ஜனமோ என்று ஆரம்பித்து, மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டியவன் கதை, பெட்ரோல் டேங்கில் தண்ணீர் போன கதை என்று போய்க்கொண்டே இருந்தார்.  எல்லாவற்றையும் வாரிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம், பெரியவனிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்று சின்னவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் நகரவில்லை. பையிலிருந்து ஒரு முடிச்சை எடுத்து அவிழ்த்து, பிஸ்டனுக்கு உள்ளே கம்பியைத் தாங்குகிற சின்ன பேரிங்கை அவர் உள்ளங்கையில் வைத்து, இதையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றாள்.

அவர் அதை உருட்டினார், விரலால் தேய்த்தார், மோந்து பார்த்தார். வானொலி நின்றுவிட்டது. அது நிற்கும் என்றே எனக்குத் தெரியாது. விளக்கடிக்குப் போய் பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வந்து நிதானமாகச் சொன்னார். எண்ணெய் இல்லாமல் ஓடியிருந்தால் இந்த பேரிங்தான் முதலில் காய்ந்து கறுத்துப் போயிருக்கும், இதுவோ எண்ணெயில் ஊறிக் கிடக்கிறது. கீறலும் சுற்றிலும் இல்லை, சைலன்சர் பக்கம் மட்டும்தான். பிஸ்டன் தலை சாம்பல் பூத்து வெளுத்திருக்கிறது. இது காய்ந்து பிடித்ததல்ல, எங்கேயோ வேண்டாத காற்று உள்ளே போய்ப் பெட்ரோல் போதாமல் சூடேறிப் பிடித்தது என்றார். கார்புரேட்டரையும் இன்ஜினையும் சேர்க்கிற ரப்பர் எங்கே என்று கேட்டார். அதுவும் என் முடிச்சில் இருந்தது. சும்மா வைத்தால் ஒன்றும் தெரியவில்லை, முழுசாக இருந்தது. வளைத்தார், அடிப்பக்கம் உதடு பிளந்த மாதிரி வாயைத் திறந்தது. யார் செய்ததும் இல்லை, அந்த வண்டி உன்னிடம் வருவதற்கு முன்பிருந்தே போட்டிருந்த ரப்பராம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உனக்காகத்தான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்: “ரப்பருக்கு வயசாயிடுச்சும்மா, அவ்வளவுதான். கலந்தவன் ஒழுங்காத்தான் கலந்திருக்கான்.”

இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேட்டேன். சொன்னார். அந்த இரும்புத்தூளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து நான் அழுத அழுகையில் பக்கத்துப் பட்டறைக்காரர் தண்ணீர் கொண்டுவந்துவிட்டார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னோம், அவர் முகம் துடைக்கிற சாக்கில் துண்டுக்குள்ளேயே ரொம்ப நேரம் நின்றார். அப்போதே உனக்குப் போன் போடத்தான் போனேன். சின்னவள்தான் தடுத்தாள். ஆறுதலுக்குச் சொல்கிறோம் என்பான், அவனை எனக்குத் தெரியும், புது ரப்பர் போட்டு அவன் வைத்துப்போன அதே எண்ணெயை அதே அளவில் கலந்து ஓட்டிக் காட்டுவோம், பிறகு என்ன சொல்வான் பார்க்கலாம் என்றாள். நியாயமாகத்தான் பட்டது.

வானொலி சிலிண்டரைக் குடைந்து, அதற்கு அடுத்த அளவில் பிஸ்டனும் வரவழைத்துக் கொடுத்தார். கட்டுகிற வேலையில் நான்தான் டார்ச் பிடித்தேன். பிஸ்டன் தலையில் ஒரு அம்புக்குறி இருக்கிறது, அது சைலன்சரைப் பார்க்க வேண்டுமாம், பிஸ்டனைச் சுற்றி மாட்டுகிற ரிங்கின் இரண்டு முனையும் அதற்கென்று இருக்கிற பொட்டு முள்ளில் போய் உட்கார வேண்டுமாம், இல்லாவிட்டால் ரிங் உடைந்து எல்லாம் பாழ். பிஸ்டன் கம்பி வெளியே வராமல் பக்கத்துக்கு ஒரு வளைந்த கிளிப் போட வேண்டும், அது கிளிப் இல்லை, பிசாசு. அது தவறி உள்ளே விழாமல் இருக்க இன்ஜின் வாயில் துணி அடைத்திருந்தாள். நான் கொடுத்த துணி நூல் விட்டுக்கொண்டே இருக்கிறது என்று அதை எடுத்துவிட்டு வேறு துணி கேட்டாள், நான் எட்டி எடுத்துக் கொடுப்பதற்குள் டிங் என்று ஒரு சத்தம். கிளிப் இல்லை. தரையில் இல்லை, மேசையில் இல்லை. உள்ளே போயிருந்தால் கீழ்ப்பாதியையும் பிளக்க வேண்டும், அப்படியே சுற்றிவிட்டால் புது பிஸ்டனும் போச்சு என்று வானொலி போனிலேயே பயமுறுத்தினார். கூட்டினோம், சலித்தோம், அப்பா டியூட்டி முடிந்து வந்து யூனிபாரத்தோடு முட்டி போட்டுத் தேடினார். சின்னவள் முகம் தொங்கிப்போய் இன்ஜினை முழுசாக இறக்கத் தயாராகிவிட்டாள்.

மறுநாள் டீச்சர் ஒருத்தியின் சட்டைக்கு அளவு பிடித்துக்கொண்டிருந்தேன். குண்டூசி எடுக்க மணிக்கட்டுக்குக் கையைக் கொண்டுபோனால் ஊசிகளுக்கு நடுவே வளைவாக ஏதோ தட்டுப்பட்டது. டார்ச் பிடித்த கையில்தான் ஊசி ஒட்டுகிற காந்தப் பட்டையும் கட்டியிருந்தேன், அதுதான் எனக்குக் குளிக்கும்போதுகூட ஞாபகம் இருக்காதே, கிளிப் பறந்து வந்து அதில் ஒட்டிக்கொண்டு என்னோடேயே சுற்றியிருக்கிறது. நான் போட்ட கூச்சலில் டீச்சர் ஊசி குத்திவிட்டது என்று பாதிச் சட்டையோடு துள்ளிவிட்டாள். அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார், உங்க அம்மாவைத் தலைகீழாப் பிடிச்சு உலுக்கியிருந்தா நேத்தே கிடைச்சிருக்கும் என்று. அதற்குச் சின்னவள் சிரித்தாள் பார், விழுந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. பறந்த கிளிப்பைத் திரும்பப் போடக்கூடாதாம், புதிது வாங்கிப் போட்டாள். மேல்மூடி நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினாள், நாங்கள் துணிக்கு நாலு மூலையும் ஓட்டுத்தையல் போட்டுவிட்டுத்தான் தைப்போமே, அதே கதை.

முதல் உதைக்கு ஒன்றுமில்லை. பிறகு இரண்டு மூன்று. அப்புறம் படபடவென்று பிடித்துக்கொண்டது. என் துவைத்த துணி எல்லாம் புகை நாற்றம், மாடிவீட்டுக்காரர் ஜன்னலை அடித்துச் சாத்தினார், நான் சிரித்துக்கொண்டு நின்றேன். சூடானதும் அணைத்து, ஆறவிட்டு, மறுபடி கிளப்பி என்று ஒரு பொழுது முழுக்க அதைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை குவாரி மைதானத்துக்கு மூன்று பேரும் போனோம். வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது, அவள் ஹெல்மெட் மாட்டும்போது அந்தத் தோளைப் பார்த்தேன், சொல்லவில்லை. மெதுவாகத்தான் போனாள். மண்மேட்டுக்குப் பின்னால் மறைந்ததும் சத்தமும் நின்றுவிட்டது.  அப்பா என் கையைப் பிடித்தார், அவர் கை ஜில்லென்று இருந்தது. பிறகு மேட்டின் இந்தப் பக்கம் அவள் தலை தெரிந்தது, மேடுதான் சத்தத்தை மறைத்திருக்கிறது. சுற்றிவிட்டு வந்து ஹெல்மெட்டைக் கழற்றியவள் முதலில் சொன்னது இதுதான்: “அண்ணன் கலந்த அளவுதாம்மா, அப்படியே ஓடுது. அவனுக்கு எழுது.”

எழுதிவிட்டேன். இதோடு ஒரு பொட்டலமும் வரும், பழைய பிஸ்டனும் அந்த ரப்பரும் இருக்கும், சின்னவள் முடிந்து கொடுத்தது. ரப்பரை நீயே வளைத்துப் பார்த்துக்கொள், யார் பேச்சையும் நம்ப வேண்டாம். அப்பா தன் பங்குக்கு, குளிரில் வண்டி ஓட்டினால் பிரேக்கைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். உன்னிடம் வண்டியே இல்லை என்றேன், இருந்தாலும் எழுது என்றார். நேரத்துக்குத் தூங்கு, தலைக்கு எண்ணெய் வை, நல்லவர்களோடு பழகு. நீ நினைத்ததெல்லாம் நடந்து, நோய்நொடி இல்லாமல், மனசில் பாரம் இல்லாமல் நூறு வயது நன்றாக இரு. லீவு போட மறக்காதே, இல்லாத லீவை எப்படியாவது உண்டாக்கு. உன்னை மன்னிக்க இங்கே யாரும் காத்திருக்கவில்லை, மன்னிக்க ஒன்றுமே இல்லையடா. ஒரு வருஷமாக நாங்கள் உனக்காகத்தான் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா
(பக்கத்தில் நின்று படித்து, சரி என்று தலையாட்டிய அப்பாவும்)