ஊசிக்கு நீட்டிய கை

செவ்வாய், இரவு

சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று முதல் என் சட்டைப்பையில் சீப்பைக் காலி செய்யவைத்துவிட்டுத் தெர்மாமீட்டர் குடியேறிவிட்டது.

நர்சிங் சேர்ந்த பிறகு இன்றுதான் முதல் முறையாக வார்டுக்குப் போனேன். ரத்தப் புற்றுநோயோடு நான் படுத்துக் கிடந்ததும் இந்த மாதிரி வார்டில்தான். எனக்குக் குணமாவதற்குள் அம்மா இறந்துபோனாள். அதனால், "உள்ள நிக்க முடியலன்னா படிப்பையே உட்டுட்றேன் நைனா" என்று சொல்லிவிட்டுத்தான் காலையில் பொன்னேரியில் ரயில் ஏறினேன்.

சிஸ்டர் ஊசித் தட்டோடு வந்தார். கட்டிலில் இருந்தது, காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஓர் அண்ணன். தட்டைப் பார்த்ததும் நான் சட்டைக் கையைச் சுருட்டி, விரல்களை மடக்கி, சிஸ்டர் முன்னால் கையை நீட்டிவிட்டேன். பழக்கதோஷம்.

"இன்னா தம்பி, ஊசி எனக்கா உனக்கா?"

"உங்களுக்குக் கம்பெனி குடுக்கலாம்னுதான்ணா."

"அப்ப நீ படு, நான் ஊட்டுக்குப் போறேன்."

வார்டே சிரித்தது. சிஸ்டரும்தான். "கைய எறக்குப்பா. இனிமே நீ இந்தப் பக்கம். அவர் கையப் புடிச்சிக்கோ."

பிடித்துக்கொண்டேன். காலையில் நைனாவிடம் சொல்லிவிட்டு வந்தது நினைவுக்கே வரவில்லை.

கும்மிடிப்பூண்டியில் ஷிப்டு முடிந்து வந்த நைனாவிடம், "சிங்கம் மாதிரி நின்னேன்" என்றேன். அவர் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார்.

இந்த டைரியில் மட்டும் எழுதிவைக்கிறேன். ஊசி இறங்கியபோது சிங்கம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது. "முடிஞ்சிபோச்சி தம்பி, கண்ணத் தொற" என்று அந்த அண்ணன்தான் சொன்னார்.