மனைவிக்கு மட்டும் ஒரு கட்டம்

என் அன்பானவருக்கு,

அம்பத்தூர் கம்பெனியில் இயந்திரப் படம் வரையும் வேலை கிடைத்துவிட்டது! ஆர்டரில் என்னையும் ‘டிராஃப்ட்ஸ்மேன்’ என்றுதான் போட்டிருக்கிறார்கள்.

மருத்துவ அட்டைக்கான ஆங்கிலப் படிவத்தில் மனைவி பெயருக்கு மட்டும்தான் கட்டம் இருந்தது. “ஒனக்கு ஏதும்மா பொண்டாட்டி? காலியா வுட்டுடு” என்று குமாஸ்தா கஜபதி சிரித்தார். நான் ‘வைஃப்’ என்பதை ஸ்கேல் வைத்து அடித்து, ‘ஹஸ்பண்ட்’ என்று எழுதி, உங்கள் பெயரைப் போட்டேன். வரைபடத்தில் திருத்தினால் செய்வதுபோல் ஓரத்தில் சின்னக் கையெழுத்தும் போட்டேன். மேனேஜர் பார்த்தார். “திருத்தம் சரிதான்” என்று முத்திரை குத்திவிட்டார்!

நம் பாப்பா பகலெல்லாம் பக்கத்து வீட்டு செலின் அக்காவிடம் இருப்பாளா என்றுதான் பயம்.

இனி உங்கள் ஊசி, மாத்திரையெல்லாம் கம்பெனி பொறுப்பு. இருமல் நின்றுவிட்டதாகப் பொய் எழுதாமல், ஊரிலிருந்து புறப்பட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
கட்டத்தைத் திருத்திய உங்கள் மனைவி