கடைசித் தேர்வு நாளின் மை

இலுப்பூர்
26.3.2025

அன்புள்ள ஹரிணிக்கு,

உன் அம்மாவின் போனில் அழைக்கத் துணிவில்லை. உன் தங்கை அறிவுமதியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று கடைசித் தேர்வு முடிந்து நீ வெளியே வந்ததும் உன் யூனிஃபார்ம் மேல் என் பேனாவை உதறினேன். அது தண்டனை இல்லை. 1998இல் பிளஸ் டூ முடித்த அன்று நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் மை அடித்தோம். பிரியமானவர்கள்மேல்தான் அடிப்பது. அந்தத் துணியைத் துவைக்காமல் எடுத்துவைப்பது.

"எங்க காலத்துல இப்படித்தான்டி" என்றேன்.

"எந்தக் காலம் மிஸ்?" என்றான் விக்ரம். கிண்டல் இல்லை. தெரியாமல்தான் கேட்டான். நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கோபமில்லை என்று ஒரு வரி எழுது.

உன் வகுப்பாசிரியை,
ரீட்டா

29.3.2025

மதிப்பிற்குரிய ரீட்டா மிஸ்ஸுக்கு,

வணக்கம். நான் என்ன தப்புச் செய்தேன் என்று வீடுவரை யோசித்துக்கொண்டு வந்தேன்.

அந்த யூனிஃபார்ம் ஜூனிலிருந்து அறிவுமதிக்கு. அம்மா எலுமிச்சம்பழம் தேய்த்தார். போகவில்லை. "ஒனக்குக் கண்ணு எங்கிட்டுடி போச்சு?" என்று முதுகில் ஒன்று வைத்தார். நானே கொட்டிக்கொண்டதாகச் சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை.

தங்கள் மாணவி,
ஹரிணி

1.4.2025

அன்புள்ள ஹரிணிக்கு,

அடி வாங்கினாயா. என்னாலா.

புதுத் துணி எடுத்துவிட்டேன். நானே வந்து அம்மாவிடம் சொல்கிறேன்.

முதல் கடிதத்தில் ஒரு பொய் இருக்கிறது. 'நாங்கள்' என்று எழுதினேன். அன்று என்மேல் ஒரு சொட்டு விழவில்லை. பஸ் முழுக்க நீலம். என் தாவணி மட்டும் காலையில் கட்டியபடியே எங்கள் ஊர் ஆவூருக்கு வந்து சேர்ந்தது. உன்மேல் பிரியத்தில் செய்தேன் என்பதும் முழு உண்மை இல்லை.

இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

ரீட்டா

4.4.2025

அன்புள்ள மிஸ்,

துணி வேண்டாம். கோட் போட்டால் கறை தெரியாது என்கிறார் அம்மா. நீங்கள் வந்தால் நான் பொய் சொன்னது தெரிந்துவிடும்.

எனக்குக் கோபமே இல்லை. உங்கள் கடிதத்தைப் புவனேஸ்வரியிடம் காட்டினேன். "பாவம்டி மிஸ்ஸு. அன்னைக்கு நாமளாவது சிரிச்சிருக்கலாம்" என்று அழுதுவிட்டாள். வகுப்பு குரூப்பிலும் போட்டாள். மார்க் ஷீட் வாங்க வரும் அன்று எல்லோரும் மை பேனா கொண்டுவருகிறோம். விக்ரம் இரண்டு வாங்கிவிட்டானாம். பழைய புடவையாகக் கட்டி வாருங்கள் மிஸ்.

என்றும் உங்கள்
ஹரிணி

7.4.2025

ஹரிணிக்கு,

உங்கள் எல்லோருக்கும் நல்ல மனசு.

மார்க் ஷீட் கொடுக்கும் அன்று நான் விடுப்பு. பரிமளா மிஸ்ஸிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்குப் பதில் வேண்டாம். அறிவுமதிக்குத் தேர்வு இருக்கிறது. அவளை அலைய விடாதே.

ரீட்டா