தார்கோனுக்கு வந்த புதுப் பெயர்

லிமா, 3 ஜூன்

என் ஞானமகனைப் பெற்றவனே, என் கொம்பாத்ரே நிக்கனோருக்கு,

நலமா? என் தொப்பை நலம். முழங்கால்தான் அதோடு பேசுவதில்லை.

செய்தி காதில் விழுந்திருக்கும். குப்பை லாரியாக மாறும் நம் நீல ரோபோ பொம்மையின் பெயரைக் கம்பெனிக்காரன் மாற்றிவிட்டான். இனி அவன் தார்கோன் இல்லை, கப்பித்தான் லிம்பியோ. குப்பை லாரிக்கு 'சுத்தமான கப்பித்தான்' என்று பெயர். பழைய பெயரை ஊதா நிறத் தேள் வில்லனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ரசிகர் மன்றத்தில் ஒரே ரகளை. "கம்பெனி வெச்சதுதான் பேரு, பெத்தவன் அவன்தானே" என்றாள் பல் டாக்டர் எர்மெலிந்தா. பஸ் ஓட்டும் பாசிலியோ, "வளத்தது நாங்க தாயி" என்று எகிறினான். வரும் ஜூலையில் மன்றம் நடத்தும் கண்காட்சியில், நீ இரவல் கொடுத்த பொம்மைதான் நடுமேசையில். அதன் பெயர்ப்பலகையில் எந்தப் பெயர் என்று அடுத்த வாரம் வாக்கெடுப்பு. மன்றத் தலைவனான நான் சுட்ட மாட்டு இதயத் துண்டுகளை மென்றபடி நடுநிலை காத்தேன். வாயில் இறைச்சி இருந்தால் நடுநிலை சுலபம்.

என் ஞானமகனுக்கு முத்தம்.

எவரிஸ்தோ

*

அரெக்கிப்பா, 8 ஜூன்

அன்புள்ள கொம்பாத்ரே,

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெயரைச் சுமந்து திரிபவன் உன் ஞானமகன். ஞானஸ்நானத்தன்று, தார்கோன் என்று புனிதர் யாரும் இல்லையே என்று பாதிரியார் தயங்கியபோது, "இனிமே இருப்பாரு சாமி" என்றவன் நீ.

இப்போது பள்ளியில் அவனைத் தேள் என்கிறார்கள். சட்டையில் காகித வால் ஒட்டுகிறார்கள். நேற்று என்னிடம் கேட்டான்: "ஞானத்தகப்பன்தானே தலைவர்? பழைய பேரத்தானப்பா வைப்பாரு?"

வேறு என்ன வைப்பான் என்றேன். கண்காட்சிக்கு அவனைக் கூட்டி வருகிறேன். பலகையில் தார்கோன் என்று இருக்க வேண்டும். இந்த ஒரு தடவை விளையாடாதே, எவரிஸ்தோ.

நிக்கனோர்

*

லிமா, 15 ஜூன்

என் கொம்பாத்ரே,

திட்டுவதற்கு முன் உட்கார்ந்துகொள். இரண்டு பக்கமும் வாக்கு சமம். தலைவன் கையில் முடிவு. புதுப் பெயர் பலகையில் இருந்தால்தான் கண்காட்சிக்குப் புதுப் பொம்மைகள் தருவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அறை முழுக்க என் மூஞ்சியையே பார்த்தது. புதுப் பெயருக்குக் கை தூக்கினேன். இவ்வளவு பெரிய தொப்பையைக் கொடுத்த ஆண்டவன் முதுகெலும்பைக் கொஞ்சம் சிக்கனமாகத்தான் கொடுத்தான்.

வெறும் பலகைதானே. பயல் வரட்டும். புதுப் பொம்மையில் முதல் பெட்டி அவனுக்குத்தான். அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன். சிரிக்க வைத்துவிடுவேன்.

எவரிஸ்தோ

*

அரெக்கிப்பா, 22 ஜூன்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் கண்காட்சிக்கு வரவில்லை. என் பொம்மையை பாசிலியோவிடம் கொடுத்தனுப்பவும்.

ஆகஸ்டில் பையனுக்கு உறுதிப்பூசுதல். அந்தச் சடங்கில் ஞானஸ்நானப் பெயரோடு புதிதாக ஒரு பெயர் சேர்த்துக்கொள்ளலாம். எவரிஸ்தோ என்று சேர்க்கப்போவதாக ஈஸ்டரிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். தங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கியிருந்தான்.

நேற்று பாதிரியார் பெயர் கேட்டார். "வேற எதுவும் வேணாம் சாமி, இருக்கிறதே போதும்" என்றுவிட்டான்.

இப்படிக்கு,
நிக்கனோர் மமானி