அண்ணன் பூட்டிவைத்த கல்யாணங்கள்

என் ஒரே அண்ணனுக்கு,

பாசம் அப்படியேதான் இருக்கிறது. கோபமும் அப்படியேதான் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

சபை மலரில் உன் நினைவாக இரண்டு பக்கம் வேண்டும் என்று போதகர் ஆளனுப்பியிருந்தார். "நல்லதாட்டு நாலு வார்த்தை எழுதணும் டீச்சரே" என்றார் வந்தவர். நல்லதாகச் சொல்ல உனக்கு ஆட்கள் நிறைய உண்டு. உன் அடக்கத்தன்று மைக்கைப் பிடித்த எல்லாரும் நல்லதாகத்தான் பேசினார்கள். இந்தப் பக்கத்துக் கல்யாணங்களை எல்லாம் வீடியோவில் அழியாமல் காத்தவன் நீ என்றார் ஒருவர். உன்னைக் கட்டிய மைனி விம்மி அழுதாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், சோகத்தால் என்று எல்லாரும் நினைத்தார்கள். காத்தாயா, பூட்டினாயா என்று அப்போதே எனக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் உனக்குத் தெரியாத செய்திகளைச் சொல்கிறேன். பாறசாலை ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் நீ சினிமா டிஸ்க் வாடகைக்குக் கொடுத்த கடையில் இப்போது ஒருவன் மொபைல் பழுது பார்க்கிறான். புதிதாக வாங்கும் லேப்டாப்பில் டிஸ்க் போடும் இடமே கிடையாது. எங்கள் கல்லூரிப் பிள்ளைகளிடம் ஒரு டிஸ்க்கைக் காட்டினால், தோட்டத்தில் கிளி வராமலிருக்கக் கட்டித் தொங்கவிடுவதுதானே என்று கேட்கிறார்கள். இதற்காகத்தானா நீயும் சினிமாக் கம்பெனிக்காரனும் அத்தனை வருடம் மல்லுக்கட்டினீர்கள்?

அந்தச் சண்டையை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள். டிஸ்க்கை நகலெடுக்க முடியாதபடி அவன் ஒரு பூட்டுப் போடுவான். அதைத் திறக்கும் மென்பொருள் கொஞ்ச நாளில் உன் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். நீ பந்து வலைக்குள் போனதுபோல் கூவுவாய். அடுத்த படத்துக்கு அவன் புதுப் பூட்டோடு வருவான். வளைகுடாவிலிருந்து மாமா மகன் கொண்டுவந்த டிஸ்க் நம் வீட்டுப் பிளேயரில் ஓடாது, அது வேறு தேசத்துக்கான டிஸ்க் என்று திரையில் எழுத்து வந்தபோது நீ வீடு அதிரக் கத்தினாய்.

"காசு குடுத்து வாங்கினவனுக்காக்கும் பூட்டு! களவாணிக்குத் தெருவெல்லாம் கள்ளக் கோப்பி உண்டு. எனக்க வீட்டில நான் எப்படிப் பாக்கணும்னு அவனா சொல்லது?"

நீ சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் நீ அந்த நியாயத்துக்காகக் கத்தவில்லை. உன் கடையில் இருந்ததில் பாதி, பூட்டை உடைத்து எடுத்த நகல்.

பூட்டைத் திறக்கிறவர்களும் யோக்கியர்கள் இல்லை. அந்த மென்பொருளை நீ ஆயுள் முழுதுக்கும் என்று வாங்கினாய். கம்பெனி காணாமல் போயிற்று. நீ போன பிறகு உன் கம்ப்யூட்டரில் அதைத் திறந்து பார்த்தேன். எங்கோ இருக்கும் தன் முதலாளியிடம் அனுமதி கேட்டுக் காத்திருக்கிறது, பதில் வரவில்லை, அதனால் வேலை செய்ய மாட்டேன் என்கிறது. பூட்டை உடைக்கும் கருவிக்கும் ஒரு பூட்டு. உனக்கு இது வேடிக்கையாக இருந்திருக்குமா? எனக்கு அருவருப்பாக இருந்தது.

சினிமா டிஸ்க் வியாபாரம் சரிந்ததும் நீ கல்யாண வீடியோவுக்கு மாறினாய். நீ எடுத்துக் கொடுத்த டிஸ்க்கைப் பெருங்கடவிளையில் ஒரு கடைக்காரன் நகலெடுத்து உறவுக்காரர்களுக்கு விற்கிறான் என்று கேள்விப்பட்ட நாளில், அடுக்களைக்கு வந்து என் முன்னால் நின்று பொருமினாய்.

"எனக்க உழைப்பாக்கும் மக்கா அது."

"அப்ப சினிமாக்காரனுக்கது உழைப்பில்லியா?"

"அவன் பெரிய ஆளு. அவனுக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

அந்த வாரமே நீயும் பூட்ட ஆரம்பித்தாய். யாரிடமிருந்து கற்றாயோ அவனுடைய வேலையையே செய்தாய். பிளேயரில் போட்டால் மெனு நேராகச் சரியான கல்யாணத்துக்குக் கொண்டுபோகும். கம்ப்யூட்டரில் நகலெடுக்கப் பார்த்தால் உள்ளே ஏராளமான போலிப் பாதைகள், நடுநடுவே படிக்க முடியாத வெற்றிடங்கள். போலிப் பாதைகளை நிரப்பப் படம் வேண்டுமே? மற்ற வீட்டுக் கல்யாணங்களில் வெட்டிப்போட்ட துண்டுகளை எடுத்து அதில் திணித்தாய். அப்படி ஒரு யோசனை உலகத்தில் வேறு எவனுக்கும் வந்திருக்காது.

திருப்புறம் ரோசம்மா அக்கா மகள் ஷீபாவின் கல்யாண டிஸ்க்கை அவள் மாப்பிள்ளை வீட்டில் யாரோ நகலெடுத்து, அம்பூரியில் உள்ள சொந்தக்காரர்களை எல்லாம் கூட்டி உட்காரவைத்துப் போட்டார்கள். ஷீபா ஆலயத்துக்குள் நடந்து வருகிறாள். பீடத்தின் முன்னால் முன்பின் தெரியாத வேறொரு மாப்பிள்ளை சிரித்துக்கொண்டு நிற்கிறான். பந்தியில் மூன்றாவது ஒரு வீட்டுக்காரர்கள் சாப்பிடுகிறார்கள். அந்தப் பெண்ணை அதற்குப் பிறகு மாமியார் வீட்டில் எப்படியெல்லாம் கேலி செய்தார்கள் என்று உனக்குத் தெரியும். நீ வயிற்றைப் பிடித்துச் சிரித்தாய். "களவாணிக்கு அப்படித்தான் வேணும்" என்றாய். ஷீபா எதைக் களவாண்டாள்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மழைக்காலத்தில் செல்வராணி வந்தாள். நம் சபைதான், ஆஸ்பத்திரிக் கேண்டீனில் வேலை செய்கிறவள், ஞாபகம் இருக்கும். அவள் புருஷன் ரப்பர் மரம் வெட்டப் போன இடத்தில், மரம் சாய்ந்து செத்தார். அப்போது மகள் ஜின்சி கைக்குழந்தை. அந்த ஜின்சிக்கு இப்போது கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அப்பாவின் போட்டோ வீட்டில் உண்டு. குரலை அவள் கேட்டதே இல்லை. வீட்டைவிட்டுப் போகும்முன் மகள் அதை ஒரு தடவை கேட்கவேண்டும் என்று செல்வராணிக்கு ஆசை. குரல் இருந்த ஒரே இடம் நீ எடுத்த கல்யாண டிஸ்க்.

துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். டிஸ்க்கின் மேல் மணமக்கள் படம் போட்ட காகிதத்தை ஒட்டுவாயே, அழகுக்கு? இத்தனை மழைக்காலத்தில் அந்தப் பசை ஊறி, காகிதம் உரிந்தபோது பளபளப்பையும் சேர்த்து உரித்துவிட்டது. வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிந்தது. படம் இருந்ததே அந்தப் பளபளப்பில்தான். அதைத் திறக்க எந்த மென்பொருளாலும் முடியாது. நான் பூசி மெழுகத் தெரியாதவள், இதில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. "அவரு போனப்பவே ஒரு கோப்பி எடுத்து வைக்கணும்னு நெய்யாற்றின்கரை வரைக்கும் கொண்டு போனேன் டீச்சரே. எங்கயும் எடுக்க முடியேல. அண்ணன்கிட்ட வந்தேன். டேப்புல வேற கல்யாணம் எடுத்தாச்சு, அந்த டிஸ்க்கைப் பத்திரமா வச்சுக்கிடுன்னு சொன்னாரு. பத்திரமாத்தான் வச்சிருந்தேன்."

அண்ணே, அந்த நாளில் அவளுக்காக உன் பூட்டை நீயே திறந்திருக்கலாமே. பெருங்கடவிளைக் கடைக்காரன் மேல் இருந்த கோபத்துக்குக் கைக்குழந்தைக்காரி ஒருத்தி என்ன செய்வாள்? சினிமாக் கம்பெனிக்காரனுக்கு நம் முகம் தெரியாது. உனக்கு அவள் முகம் தெரியும்.

அவள் போனபிறகுதான் எனக்கு ஷீபாவின் கதை நினைவுக்கு வந்தது. அம்பூரியில் எல்லாரும் பார்த்துச் சிரித்த அந்த வேற்று மாப்பிள்ளை யார்? மறுநாள் செல்வராணியைக் கூப்பிட்டுக் கேட்டேன். தன் புருஷன்தான் என்று ஊரே சொல்லிச் சிரித்தது அவளுக்கும் தெரிந்திருந்தது. வெட்கத்தில் யாரிடமும் பேசவில்லையாம்.

இருவரும் திருப்புறம் போனோம். ரோசம்மா அக்கா முற்றத்தில் மிளகு உலர்த்திக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் முகம் மாறியது.

"அந்த நாணமில்லாத்தவனுக்க தங்கச்சியா? அவனுக்க பேரை இந்த முற்றத்தில சொல்லாண்டாம். எனக்க பிள்ளைக்க சிரிப்பைக் கெடுத்தவனாக்கும்."

"அவனுக்காக நான் வரல்ல அக்கா. இவளுக்காக வந்தேன்."

செல்வராணி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். ரோசம்மா அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப அந்த மாப்பிள உனக்க ஆளா? நல்ல லட்சணமாட்டு நின்னான், பாத்துக்கிடு. எங்க மருமகனைக் காட்டிலும் கொள்ளாம், அழகாக்கும்." சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். இத்தனை வருடத்தில் அந்தக் கல்யாணத்தைப் பற்றி அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதானாம், ஷீபா பிறகு போனில் சொன்னாள். அலமாரியிலிருந்து டிஸ்க் வந்தது. நல்லவேளை, அதில் நீ காகிதம் ஒட்டவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: ஷீபாவின் கல்யாணத்தைப் பூட்டில்லாமல் முழுசாக எடுத்துத் தரவேண்டும்.

வெளியே செருகும் டிஸ்க் டிரைவ் ஒன்றை இரவல் வாங்கினேன். யாரோ முகம் தெரியாதவர்கள் எழுதி இலவசமாக விட்டிருக்கும் மென்பொருளை இறக்கினேன். நீ இருந்திருந்தால் அவர்களைக் களவாணிகள் என்றிருப்பாய். வெற்றிடங்களில் அது திணறியது, பிறகு தாண்டிப் போனது. உன் போலிப் பாதைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. யார் யாரோ தலை சீவினார்கள், யார் யாரோ கேக் வெட்டினார்கள். கடைசியில் அவர் வந்தார்.

செல்வராணியும் ஜின்சியும் என் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வரவேற்பில் மைக்கைக் கையில் வாங்கிய மாப்பிள்ளை வியர்த்துப்போய் நிற்கிறார். "எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போவணும். கறி நெறைய உண்டு." அவ்வளவுதான்.

"மம்மீ, ஒண்ணுகூடி இடு" என்றாள் ஜின்சி. நான்தான் திரும்பப் போட்டேன். செல்வராணி அழவில்லை. "இவ்வளவு சின்னக் குரலா?" என்றாள். "நான் இத்தனை வருஷமா வேற குரலையாக்கும் மனசில வச்சிருந்தேன்."

அந்தத் துண்டு அதோடு முடியவில்லை. விற்கிற டிஸ்க்கில் உன் சத்தம் வராமல் சுத்தமாக வெட்டுவாய். போலிப் பாதையில் யார் கேட்கப்போகிறார்கள் என்று அப்படியே விட்டிருக்கிறாய். காமிராவுக்குப் பின்னாலிருந்து உன் குரல் வருகிறது.

"மாப்பிளே, மைக்கைக் கொஞ்சம் கிட்ட வையும். பொறவு கேக்காது."

அண்ணே, உன் குரலுக்கு நான் தயாராக இல்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

உனக்கு நன்றி சொல்ல மாட்டேன். பிறரைக் கேவலப்படுத்த நீ செய்த காரியத்தில் ஒரு நல்லது தவறி விழுந்தது, அவ்வளவுதான். அதை உன் புண்ணியக் கணக்கில் எழுத நான் விடமாட்டேன். உன் குரலை வெட்டிவிடட்டுமா என்று செல்வராணியிடம் கேட்டேன். "கெடக்கட்டும் டீச்சரே, அவருகிட்ட அண்ணன் பேசினதுதானே" என்றாள். உன்னை வெறுக்க அவளுக்கு என்னைவிட அதிகக் காரணம் உண்டு.

ஆகவே சபை மலரை வாசிக்கிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். என் அண்ணன் எடுத்த டிஸ்க் யார் வீட்டில் இருந்தாலும், ஓடினாலும் ஓடாவிட்டாலும், என்னிடம் கொண்டு வாருங்கள். உங்கள் கல்யாணம் அதில் செத்திருந்தால், அடுத்தவர் டிஸ்க்கில் ஒரு துண்டாவது உயிரோடு இருக்கலாம்.

உனக்கு என் வாக்கு இது, அண்ணே. நீ பூட்டியது எல்லாவற்றையும் திறப்பேன். எதையும் திரும்பப் பூட்ட மாட்டேன். உன் குரல் வருகிற இடத்தில் வெட்டவும் மாட்டேன்.

இன்னும் உன்னோடு சண்டை தீராத,
உன் கூடப்பிறந்த தங்கச்சி